உணவுத் திருவிழாக்களும் 'ஒரு மிடறு' மதுவும்

உணவுத் திருவிழா என்பது இன்று அரசு நிகழ்ச்சியாகவே மாறிவிட்டது. சென்னைத் தீவுத்திடலில் நடக்கிறது, மெரினாவில் நடக்கிறது, மாவட்டத் தலைநகரங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சேர்ந்து நடத்துகின்றன. புத்தகத் திருவிழா என்றாலும் பாதிக் கூட்டம் உணவுக் கடைகளின் பக்கம்தான் நிற்கிறது. இந்தத் திருவிழாக்கள் எதுவும் முஸ்லிம்களின் கைமணம் இல்லாமல் நிறைவதில்லை. தம் போட்ட தேக்சா திறக்கும் கடையில்தான் வரிசை நீளும். எனவே, "இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று ஒதுங்கிப் போக முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் கேட்கப்படும் கேள்விகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் தலாக், வாரிசுப் பங்கு, ஜகாத் பற்றிக் கேட்பார்கள். இப்போது ஒரு பண்டாரி வந்து, "ஹஜ்ரத், சென்னையில் பெரிய ஹோட்டல் ஒன்றில் உணவு விழாவாம், ஸ்டால் போடக் கூப்பிடுகிறார்கள், அதே இடத்தில் மதுவும் பரிமாறுவார்களாம், போகலாமா?" என்று கேட்கிறார். பெங்களூரில் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கும் பிள்ளையின் தகப்பனார், "பாடத்திலேயே ஒயின் ருசி பார்க்கும் வகுப்பு இருக்கிறதாம், வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவார்களாம், விழுங்குவதில்லையாம், அதற்கு என்ன சட்டம்?" என்று கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள். கேட்டவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

முதலில், நம் மாநிலத்தில் உணவுத் திருவிழா என்ற பெயரில் நடந்தவற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவை அறிவித்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு பெறும் முயற்சிக்கு அது துணை நிற்கும் என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் கோழியும் ஆடும் உண்டு, மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில் பீஃப் பிரியாணி என்பது ஏழை எளிய மக்களின் அன்றாட உணவு. தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள் குறைந்த விலையில் வயிறார உண்பது அதைத்தான். எதிர்ப்பு எழுந்தது. வெளியே இலவசமாக வழங்குவோம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 12 முதல் 14 வரை தீவுத்திடலில் 'சிங்காரச் சென்னை உணவுத் திருவிழா' நடந்தது. அங்கும் அதே கேள்வி எழுந்தது. அதன் பிறகுதான் பீஃப் பிரியாணிக்கு இடம் கிடைத்தது.

மாட்டிறைச்சி சாப்பிடுவது மார்க்கக் கடமை அல்ல. விரும்பாதவர் விட்டுவிடலாம். ஆனால் ஒரு குடிமகன் தன் தட்டிலிருந்து ஒன்றை விலக்கிக்கொள்வதும், அரசு தன் மேடையிலிருந்து ஒரு சமூகத்தின் உணவையே விலக்குவதும் ஒன்றாகாது. பிறர் மனம் புண்படும் என்பதுதான் விலக்குக்குச் சொல்லப்பட்ட நியாயம். சரி, புண்படுதல் அளவுகோல் என்றால், அதே அளவுகோலை மதுவுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டாமா? மதுவினால் புண்பட்ட மனங்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கின்றன. தாலியை அடகு வைத்த சகோதரியைக் கேட்டால் சொல்வார்.

இந்தக் கேள்வி கற்பனையானதல்ல. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு மது உரிமம் தொடர்பான 1981ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியது. ஏப்ரலில் அது வெளியே தெரிந்தது. மாநாடுகள், விளையாட்டு மைதானங்கள், விருந்து மண்டபங்கள், திருமண மண்டபங்கள், வீட்டு நிகழ்ச்சிகள் வரை சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்றது அந்தத் திருத்தம். உரிமம் எதற்கெல்லாம் என்ற பட்டியலில் கொண்டாட்டங்கள், திருவிழாக்கள் என்ற சொற்களும் இருந்தன. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு மாநகராட்சியில் 11,000 ரூபாய், நகராட்சியில் 7,500, மற்ற இடங்களில் 5,000 என்று கட்டணமும் வைத்தார்கள். அந்தக் கணக்கில் அன்று புதுக்கோட்டைக்கு 7,500. 2024இல் நம் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. இன்று என்றால் 11,000 ஆகியிருக்கும்!

எல்லாத் தரப்பும் எதிர்த்தன. கல்யாண மண்டபத்தில் மதுவா என்று தாய்மார்கள் கொதித்தார்கள். அன்றைய துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, திருமண மண்டபங்களுக்கு அனுமதி இல்லை, சர்வதேச விளையாட்டு, மாநாடு போன்றவற்றுக்கு மட்டும்தான் என்று விளக்கம் அளித்தார். அறிவிப்பு திருத்தப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அந்த எதிர்ப்பில் முஸ்லிம் அமைப்புகளும் பங்கெடுத்தன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மக்கள் கொதித்தது 'திருமண மண்டபம்' என்ற சொல்லுக்காக. 'திருவிழா' என்ற சொல் அதே பட்டியலில் இருந்ததைப் பெரும்பாலோர் பேசவே இல்லை. நட்சத்திர ஹோட்டல் விருந்தும் சர்வதேச மாநாடும் நமக்கு எட்டாத உலகம் என்று நினைத்துக்கொண்டோம். அந்த உலகத்தில் சமையல் செய்பவனும் தட்டு எடுப்பவனும் நம் பிள்ளைகள்தான் என்பதை மறந்துவிட்டோம்.

1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. இடையில் மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003இல் சில்லறை விற்பனையே அரசின் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2024-25ஆம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் வருவாய் கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு பெரிய வருவாய் வரும் இடத்தில், 'திருவிழாவில் ஒரு சிறு கவுன்டர்' என்ற யோசனை மீண்டும் மீண்டும் வரத்தான் செய்யும்.

வேறு மாநிலங்களில் அது வந்தேவிட்டது. மகாராஷ்டிராவின் நாசிக் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே சுலா நிறுவனம் 2008 முதல் இசை, உணவு, ஒயின் மூன்றையும் சேர்த்துத் திருவிழா நடத்திப் பழக்கிவிட்டது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், சின்னச் சின்னக் கோப்பைகளில் வகை வகையாக ருசி பார்க்கலாம். குடும்பத்தோடு போகும் சுற்றுலா ஆகிவிட்டது அது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. விவசாயிகளுக்கு வருமானம் என்றார்கள். ஒயின் மது அல்ல என்றே சிவசேனாவின் சஞ்சய் ராவத் பேசினார். அண்ணா ஹசாரே எதிர்த்துப் போராட்டம் அறிவித்தார்.

'ஒயின் மது அல்ல' என்ற பேச்சைக் கேட்டு நம் தெருக்காரர்கள் சிரிப்பார்கள். நம் ஊரில் பிராந்திக் கடைக்கே 'ஒயின் ஷாப்' என்றுதான் பெயர்! மக்கள் மொழிக்கு இருக்கும் தெளிவு சில நேரம் அரசியல்வாதிகளுக்கு இருப்பதில்லை.

மார்க்கத்தில் இதற்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று கம்ரு என்றால் என்ன என்று விளக்கியதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றிலிருந்து அன்று மது தயாரிக்கப்பட்டதைச் சொல்லிவிட்டு, அறிவை மறைப்பது எதுவோ அதுவே கம்ரு என்று இலக்கணம் வகுத்தார்கள். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே திராட்சைதான். சட்ட நூல்களில் மற்ற மதுக்களைப் பற்றி ஆரம்பகால இமாம்களிடையே விவாதம் உண்டு. திராட்சை மதுவைப் பற்றி மட்டும் எந்த விவாதமும் இல்லை, ஒட்டுமொத்த ஏகோபித்த முடிவு. 'ஒயின் மட்டும் பரவாயில்லை' என்பவர்கள் விவாதமே இல்லாத இடத்தில் வந்து விவாதிக்கிறார்கள்.

விவசாயி வருமானம் என்ற வாதத்தை மட்டும் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. நம் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. விலை விழும்போது அழுவது விவசாயிதான். ஒயின் ஆலை வந்தால் தீரும் என்று அங்கே கோரிக்கை எழுவதும் புதிதல்ல. மதுவில் பலனே இல்லை என்று குர்ஆன் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. அவற்றைவிடப் பாவம் பெரிது என்றும் சொல்கிறது. வருவாய், வேலைவாய்ப்பு, விவசாயி நலன் எல்லாம் அந்தப் 'பயன்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். நட்டக் கணக்கையும் எழுது என்பதுதான் மார்க்கத்தின் நிலைப்பாடு. 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மக்கள் செத்து விழுந்தது கள்ளச்சாராயத்தால், ஒயினால் அல்ல. ஆனாலும் சாராயத்துக்குப் போன எவனும் முதல் நாளே சாராயத்தில் தொடங்கியவன் இல்லை. திராட்சையை உலர் திராட்சையாக, பழச்சாறாக, பாகாக மாற்றும் ஆலைக்கு அரசு முதலீடு செய்தாலும் விவசாயிக்கு விலை கிடைக்கும். அந்தக் கோரிக்கையை நம் சட்டமன்ற உறுப்பினர்களும் எழுப்பலாமே!

இனி அந்த ஒரு மிடறு. அதிகம் குடித்தால் போதை தருவது எதுவோ அதில் குறைந்த அளவும் விலக்கப்பட்டது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வாக்கு அபூதாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. எனவே 'கொஞ்சம்தானே' என்ற வாசல் அடைபட்டுவிட்டது. துப்பிவிட்டால்? ஒயின் நிபுணர்கள் உண்மையிலேயே துப்பத்தான் செய்கிறார்கள். ஒரே நாளில் பல வகைகளை ருசி பார்ப்பவர் எல்லாவற்றையும் விழுங்கினால் நாக்கும் மூளையும் வேலை செய்யாது. அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, நோன்பாளியான சமையற்காரி உப்பு பார்த்துத் துப்பலாம் என்று சட்ட நூல்களில் இருக்கிறதே, அதுபோல இதுவும் ஆகாதா என்று ஒரு மாணவர் கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குழம்பு தன்னளவில் ஹலாலானது. நோன்பின் நேரம்தான் அதைத் தடுக்கிறது. தேவைக்காக நாக்கு நுனியில் வைத்துத் துப்ப அனுமதித்தார்கள். மதுவோ தன்னளவிலேயே ஹராம். போதாக்குறைக்கு ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அது நஜீஸ், அதாவது அசுத்தம். சிறுநீரை வாயில் வைத்துத் துப்பினால் ஆகுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்த மாணவருக்குச் சொன்ன வழி: வகுப்பில் பாடத்தைப் படி, தேர்வு எழுது, கோப்பையை எடுக்காதே, மத நம்பிக்கை காரணமாக ருசி பார்க்க இயலாது என்று துறைத் தலைவருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடு. சைவ உணவுக்காரர்கள் இறைச்சி வகுப்பில் இப்படிக் கேட்பது கல்லூரிகளுக்குப் புதிய விஷயமல்ல.

பிள்ளைகளுக்கு விளக்க நம் பக்கத்துப் பனைமரமே போதும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர். தடவாமல் புளிக்கவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று. ஒன்றைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம், மற்றதைத் தொடுவதில்லை. நபி (ஸல்) அவர்களுக்காக உலர் திராட்சையை நீரில் ஊறவைப்பார்கள், மூன்று நாள் வரை அருந்துவார்கள், அதற்கு மேல் மீந்ததை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. திராட்சை மீது மார்க்கத்துக்குப் பகை இல்லை. புளித்துப் போதையாவதுதான் எல்லை.

இப்போது 'ஆல்கஹால் இல்லாத ஒயின்', 'ஜீரோ பீர்' என்று வருகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு மது ஒழுங்குமுறைகளின்படி கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். ஆக, மதுபானம் அல்ல என்று சட்டம் சொல்லும் பாட்டிலில் ஆல்கஹால் துளியும் இருக்காது என்று பொருளில்லை. இவற்றில் சில, முதலில் முழு மதுவாகத் தயாரித்துப் பிறகு ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தவை. வேறு சில வெறும் பழச்சாறும் வாயுவும். லேபிளைப் படிக்காமல் இரண்டுக்கும் ஒரே ஃபத்வா கொடுக்க முடியாது. என் தனிப்பட்ட அபிப்பிராயம், முதல் வகையை விட்டுவிடுங்கள். ஹராமான கோப்பையின் வடிவத்தை, அதன் பெயரை, அதன் 'சியர்ஸ்' சடங்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிவிட்டோம் என்று ஆறுதல் கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

உணவு பற்றியும் ஒரு வார்த்தை. திருவிழாவில் எல்லாவற்றையும் ஒரு கரண்டி ருசி பார்ப்பதுதான் வழக்கம். நம் மாவட்டத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபும் உள்ளே அறந்தாங்கி, புதுக்கோட்டைப் பக்கம் ஹனஃபி மத்ஹபும் கலந்து இருக்கின்றன. கணவாய் வறுவல் கோட்டைப்பட்டினத்துச் சாச்சாவுக்கு ஆகும், அவர் சம்பந்தி ராவுத்தருக்கு ஆகாது. நண்டு பற்றி ஷாஃபி நூல்களிலேயே பேச்சு உண்டு. கரையிலும் கடலிலும் வாழ்வது வேறு, ஜெகதாப்பட்டினத்தில் இறங்கும் நீலக்கால் நண்டு போலக் கடலிலேயே வாழ்வது வேறு என்று இன்றைய ஆலிம்கள் பிரித்துச் சொல்கிறார்கள். இதிலெல்லாம் சண்டை வேண்டாம். அவரவர் மத்ஹபுப்படி இருந்துகொள்ளலாம். கவனிக்க வேண்டியது வேறு. அறுத்தது யார், பன்றி இறைச்சி பொரித்த எண்ணெயா, ஒரே தவாவா, சாஸில் ஒயின் ஊற்றியிருக்கிறார்களா என்பதைக் கேட்க வேண்டும். மேல்நாட்டு உணவுக் கடைகளில் சாஸிலும் கேக்கிலும் மது சேர்ப்பது சாதாரணம். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. முட்டை சேர்த்ததா என்று சைவக்காரர் கேட்கவில்லையா? 2023 நவம்பரில் உத்தரப்பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற பொருள்களின் விற்பனைக்குத் தடை போட்டபோது, சென்னையில் இயங்கும் ஹலால் இந்தியா நிறுவனத்தின் பெயரும் வழக்கில் சேர்க்கப்பட்டது. ஹலால் என்ற சொல்லையே குற்றமாக்கப் பார்க்கும் காலத்தில், அச்சமின்றி மரியாதையாகக் கேட்பதே ஒரு பதில்தான்.

சரி, பண்டாரியின் கேள்விக்கு வருவோம். மது சுற்றிவரும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மது விஷயத்தில் குடிப்பவர் மட்டுமல்ல, பிழிபவர், சுமப்பவர், விற்பவர், ஊற்றிக் கொடுப்பவர் உட்படப் பத்துப் பேர் சாபத்துக்குள் வருவதாகவும் ஹதீஸ் உண்டு. இதில் சமைப்பவர் இல்லை. ஆகவே பிரியாணி ஸ்டால் போடுவதே ஹராம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஒரு மைதானத்தில் ஒரு மூலையில் மதுக் கூடாரம் தனியாக இருக்கிறது, அதற்குத் தனி நுழைவு, நம் கடைக்கு வருபவர் கையில் கோப்பை இல்லை என்றால் அது கடைத்தெருவில் கடை வைப்பதுபோல. அதுவே, நுழைவுச் சீட்டிலேயே ஒயினும் பிரியாணியும் சேர்த்து விற்கிறார்கள், 'இந்தக் கறிக்கு இந்த ஒயின் பொருத்தம்' என்று ஜோடி போட்டுப் பரிமாறுகிறார்கள் என்றால், அங்கே நம் பிரியாணி மதுவுக்குத் தொடுகறி ஆகிவிடுகிறது. அதற்குப் போகக் கூடாது, எவ்வளவு வாடகை தள்ளுபடி கொடுத்தாலும் சரி. குடும்பத்தோடு சாப்பிடப் போகிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். பொது மேசைகளில் மது நடமாடும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதற்குப் பதிலாக, பார்சல் வாங்கி வந்து வீட்டில் ஒரே சகனில் உட்கார்ந்து சாப்பிடலாம். ருசி கூடத்தான் இருக்கும்.

நிபந்தனை போட்டால் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் கத்தாரைப் பார்க்க வேண்டும். 2022 உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, மைதானங்களில் பீர் விற்பனை இல்லை என்று முடிவானது. உலகின் பெரிய பீர் நிறுவனம் ஒன்று ஆதரவாளராக இருந்தும் அந்த முடிவு நின்றது. கால்பந்து நடக்காமல் போய்விடவில்லை. மறுபுறம், 2023 தொடக்கத்தில் துபாய் மதுவுக்கான 30 சதவீத வரியை நீக்கியது. முஸ்லிம் நாடு செய்வதெல்லாம் மார்க்கம் ஆகிவிடாது என்பதற்கு அதுவும் உதாரணம். துபாயில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், "அங்கேயே இருக்கிறதே" என்று சொல்லும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். உணவகத்தில் சமையல் பகுதியிலோ கணக்குப் பகுதியிலோ வேலை கேட்டுப் பாருங்கள். பார் கவுன்டரில் ஊற்றிக் கொடுக்கும் வேலையில் ஏற்கெனவே இருப்பவர், வேறு இடம் தேடிக்கொண்டே, கிடைத்தவுடன் மாறிக்கொள்ளட்டும்.

நம் மாவட்டத்தில் அடுத்த உணவுத் திருவிழாவோ புத்தகத் திருவிழாவோ அறிவிக்கப்படும்போது ஜமாஅத்துகள் செய்யக் கூடிய வேலை ஒன்று இருக்கிறது. விழா முடிந்த பிறகு கண்டன அறிக்கை விடுவதைவிட, ஸ்டால் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் கேட்கும்போதே மாவட்ட நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுக்கலாம். எந்த உணவுக்காவது தடை உண்டா, வளாகத்தில் மதுவுக்கு உரிமம் கேட்கப்பட்டிருக்கிறதா என்று. மகளிர் சுய உதவிக் குழுச் சகோதரிகள் வட்டலப்பமும் இடியாப்பமும் கறியாணமும் கொண்டு கடை போட நினைத்தால், அவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று எடுத்துக் கொடுக்கப் படித்த இளைஞர்கள் உதவலாம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், சிறு வியாபாரிக்கு ஆண்டுக் கட்டணம் நூறு ரூபாய்தான்.